ஆரணியாற்றுப் பள்ளத்தில் வீடு: தள்ளிக் கட்டுவதா, மண் அடிப்பதா, பில்லரா?

பிச்சாட்டூர் ஏரி திறந்தாச்சு என்று செய்தி வந்தால், சுருட்டப்பள்ளி தாண்டி, திருவள்ளூர் மாவட்டத்து ஊத்துக்கோட்டைக்குத் தண்ணீர் வந்து சேர அதிக நேரம் ஆகாது. ஆந்திரப் பக்கம் 1.85 டி.எம்.சி. பிடிக்கிற அந்த ஏரி நிரம்பினால், உபரி முழுக்க ஆரணியாற்றில்தான் இறங்கும். பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு வரைக்கும் இரு கரையிலும் வயல்கள் மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. வெள்ளம் பாயும் நிலத்தில் கட்டட விதியை எப்படித் திருத்துவது என்று பேச்சு எடுத்தால் மூன்று யோசனைகள்தான் வரும்: ஆற்றை விட்டு இத்தனை மீட்டர் தள்ளிக் கட்டு, மண் அடித்து மேடாக்கிக் கட்டு, பில்லர் மேல் கட்டு. நான் மூன்றாவதன் பக்கம்.

தூர விதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். டேப் பிடித்தால் போதும், யாரும் அளந்துவிடலாம்; அதுதான் அதன் ஒரே பெருமை. கரை கட்டிய ஆற்றில் வெள்ளம் கரையை ஒட்டி வருவதில்லை. எங்கே உடைகிறதோ அங்கிருந்து பள்ளம் பார்த்து ஓடும். கரையோர மேட்டுத்தெரு காய்ந்து கிடக்க, அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளத்தெருவில் இடுப்பளவு நிற்கும். ஆனாலும் கரையோரம் ஒரு பட்டையைக் காலியாக விடத்தான் வேண்டும். உடைப்பு எடுத்தால் மணல் மூட்டை லாரியும் ஜேசிபியும் அங்கே போக வழி வேண்டுமே. அது கரைக்கான விதி, வீட்டுக்கான விதி இல்லை.

மண் அடிப்பது ஊர் வழக்கம். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கிரவுண்ட் மனை, 2,400 சதுர அடி. அங்கே வெள்ளம் 4 அடி நின்றது என்றால், அதற்கு மேல் 2 அடி சேர்த்து 6 அடி மேடாக்க வேண்டும். 14,400 கன அடி, அதாவது 144 யூனிட். இறுகும்போது அடங்குவதற்கு இருபது சதவீதம் கூட்டினால் ஏறக்குறைய 173 யூனிட்; ஆறு யூனிட் டிப்பரில் 29 லோடு. சவுடு மண்ணோ கிராவலோ, 9 அங்குலத்துக்கு ஒரு தட்டாகக் கொட்டித் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டினால்தான் நிற்கும். நடைமுறையில் 29 லோடும் ஒரே மூச்சில் கொட்டி, ஜேசிபி பக்கெட்டால் தட்டிவிட்டுப் போகிறார்கள். முதல் வெள்ளத்தில் மண் ஊறி உட்காரும். வீட்டைத் தாங்கும் பில்லர்கள் அசையாமல் இருக்கும், தரை மட்டும் இறங்கும். டைல்ஸ் ஓரத்தில் விரல் நுழையும் சந்து விழும். தடுப்புச் சுவர் கட்டாத மேடாக இருந்தால் மூலையை நீர் அரித்து எடுக்கும்.

அந்த மேடு விரட்டும் தண்ணீரையும் பாருங்கள். வெள்ள மட்டத்துக்குக் கீழே இருக்கிற 4 அடி மண் மட்டும் 9,600 கன அடி, சுமார் 2.7 லட்சம் லிட்டர் நின்ற இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. அதே மனையில் ஓரடிக்கு ஓரடி பில்லர் பன்னிரண்டு நிறுத்தினால் பிடிக்கும் இடம் 48 கன அடி, 1,400 லிட்டருக்குள். ஒரு மனையால் ஆறு ஏறிவிடாது, உண்மைதான். ஆனால் மனைப்பிரிவு முழுக்க வரிசையாக மேடாகி, காம்பவுண்டும் எழும்பி, நடுவிலிருந்த வாய்க்காலுக்கு ஒற்றைக் குழாய் மட்டும் போட்டுவிட்டால் கதை வேறு. மேல்பக்கம் இருக்கும் பழைய காலனியில் தண்ணீர் ஏறும், வடியவும் கூடுதல் நாள் ஆகும். கேரளம் 2008-ல் கொண்டுவந்த நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வயலை நிரப்புவதற்கே கடிவாளம் போடுகிறது. இந்தப் பக்கம் நிரப்பினவர் புத்திசாலி, நிரப்பாதவர் ஏமாளி.

பில்லருக்குச் செலவு கூடும், மறைக்க ஒன்றுமில்லை. கீழே ஒரு அடுக்கு பில்லரும் பீமும், மேலே தளம், வெளியே படிக்கட்டு. வெள்ளம் 4 அடி, பாதுகாப்பு 2 அடி என்றால் 6 அடியில் இருக்க வேண்டியது பீமின் அடிப்பக்கம், வீட்டுத் தரை அல்ல. தரையை அளந்து கணக்குக் கொடுத்தால் ஒன்றேகால் அடி பீம் அந்தப் பாதுகாப்பு 2 அடிக்குள் தொங்கும்; வெள்ளம் கொஞ்சம் கூடினாலே தண்ணீர் அதைத் தொடும். அடித்து வரும் வாழைமரமும் வேலிமுள்ளும் அதில் சிக்கி வீட்டைத் தள்ளும். தரை ஏழரை அடி வாக்கில் வரும். அரையடிப் படி பதினைந்து. முட்டிவலிக்காரர் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை. சக்கர நாற்காலிச் சரிவுப் பாதைக்கு ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். 90 அடிக்கு ஒரு கிரவுண்டில் இடமே கிடையாது.

திருவள்ளூர் மாவட்டம் நிலநடுக்க மண்டலம் மூன்றில் வருகிறது. மேலே செங்கல் சுவர், கீழே வெறும் பில்லர் என்ற அமைப்பு பக்கவாட்டு அசைவில் கீழ் அடுக்கில்தான் ஒடியும். 9 அங்குல பில்லரோடு மேஸ்திரி வந்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம். 12 அங்குலத்துக்குக் குறையாமல் போட்டு, பில்லர் கம்பியைச் சுற்றும் ரிங்குகளை மேல் முனையிலும் கீழ் முனையிலும் நெருக்கிக் கட்டச் சொல்லி, டிசைனை இன்ஜினியரிடம் வாங்குங்கள். மீட்டர் பாக்ஸ் படிக்கட்டின் நடுத் தட்டில், வெள்ளக் கோட்டுக்கு மேலே இருக்கட்டும். செப்டிக் டேங்க் மூடியைச் சிமெண்ட் பூசி அடைத்து, காற்றுக் குழாயைக் கோட்டுக்கு மேல் ஏற்றி, கழிவுக் குழாயில் ஒருவழி வால்வு போட்டால் கக்கூஸ் வழியாக வெள்ளம் எதிர்த்து ஏறாது.

இதெல்லாம் செய்தாலும் விதி நிற்பதும் விழுவதும் ஒன்றில்தான்: மட்டத்தை எதை வைத்து அளப்பது?

ரோட்டிலிருந்து ஒன்றரை அடி, இரண்டு அடி என்று பேஸ்மட்டம் வைப்பது நம் பழக்கம். ரோடு நிலையாக நிற்கிற பொருளா? பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு ஏற்றுகிறார்கள். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே எழுத வேண்டி வந்தது. இப்படியே திரும்பத் திரும்ப ரோடு போட்டால் ஒன்றரை அடி பேஸ்மட்டம் படிக்கட்டில்லாத வாசலாகிவிடும். ஆகவே புது விதி ரோட்டைத் தொடவே கூடாது. நின்ற வெள்ளத்தின் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும்.

2015, 2021, 2023 வெள்ளங்களின் கறை இன்னும் சில சுவர்களில் இருக்கிறது. அடுத்த வெள்ளையடிப்பில் போய்விடும். அதற்குள் பள்ளிக்கூடச் சுவர், ரேஷன் கடை, வாய்க்கால் பாலத்தின் கைப்பிடி என்று கல்லில் வெட்டி வைக்க வேண்டும், பெயிண்ட் நிற்காது. ஊருக்கு ஒரே கோடும் போதாது. ஓடும் வெள்ளம் சரிவாகத்தான் இருக்கும், மேற்கே உயரமாகவும் கிழக்கே தாழ்வாகவும். இரண்டு மூன்று தெருவுக்கு ஒரு கல் வேண்டும்.

கல்லிலிருந்து மனைக்கு மட்டம் கொண்டுபோக, தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலே போதும். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் அளவு பொய், முதலில் அதைத் தட்டி வெளியேற்ற வேண்டும். ஐம்பது அடிக்கு ஒரு குறியாக நகர்ந்து, திரும்பவும் கல்லுக்கே வந்து சேர வேண்டும். அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி முதலிலிருந்து. இந்தச் சோதனை பீம் கம்பி கட்டி, கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் நடக்க வேண்டும். போட்டபின் அளந்து என்ன செய்வது? 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்குச் சுயசான்றில் உடனடி அனுமதி கிடைக்கிறது. வசதிதான். ஆனால் அனுமதிக்கு முன் யாரும் இடம் பார்ப்பதில்லை. எனவே கல்லின் எண்ணும் அதிலிருந்து பீம் உயரமும் விண்ணப்பத்திலேயே கட்டாயம் ஆக வேண்டும்.

மத்திய அரசு வெள்ளச் சமவெளி மண்டலச் சட்டத்துக்கு மாதிரி மசோதாவை 1975-லேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட் சட்டம் போட்டன. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 2008 வழிகாட்டுதல், தரைமட்டம் வெள்ள மட்டத்துக்கு 0.6 மீட்டர் மேலே இருக்கச் சொல்கிறது. மேலே சொன்ன 2 அடி அதுதான். கட்டட விதி மாநில அரசாணையில் வருவது, ஊராட்சி தானாக எழுத முடியாது. கல் நடுவதற்கும் கிராம சபையில் தீர்மானம் போடுவதற்கும் அரசாணை தேவையில்லை.

பில்லர் விதியின் உண்மையான பலவீனம் பத்து வருஷம் கழித்துத் தெரியும். கீழே காலி இடம் கண்ணை உறுத்தும். முதலில் பைக், பிறகு தகர ஷீட், பிறகு ஹாலோ பிளாக், கடைசியில் வாடகைக்கு ஒரு குடும்பம். வெள்ளம் முதலில் அவர்கள் வீட்டுக்குத்தான் வரும். வெள்ளக் கோட்டுக்குக் கீழே மின் இணைப்பு கிடையாது, தனிக் கதவு எண் கிடையாது, அந்த இடத்துக்கு வீட்டுவரி ரசீதும் போடக்கூடாது என்று மூன்றையும் விதியிலேயே எழுதினால் பாதிப் பேராவது அடைக்கத் தயங்குவார்கள். மீதிப் பேரை எந்த விதியும் தடுக்கும் என்று நினைக்கவில்லை.

எல்லா இடத்துக்கும் பில்லர் என்று அடம்பிடிக்கவும் இல்லை. இரண்டு அடிக்குள் நிற்கும் தெருவில் வீட்டின் அடியில் மட்டும் மண் நிரப்பி, பேஸ்மட்டத்தைக் கருங்கல்லில் உயர்த்தினால் போதும். சுற்றியுள்ள மனை பழைய மட்டத்திலேயே இருக்கட்டும். இந்த அளவுகள் வண்டல், செம்மண் கலந்த நடுப்பகுதிக்குத்தான். பழவேற்காட்டை நெருங்க நெருங்கக் களியும் உப்பும் கூடும், கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். அங்கே மண் பரிசோதனை பார்க்காமல் பில்லர் ஆழத்தை முடிவு செய்ய வேண்டாம்.