மடியைப் பார்த்து 8,500 வெள்ளி கொடுத்தேன்

போன ஞாயிற்றுக்கிழமை 8,500 வெள்ளி கொடுத்து ஒரு மாடு வாங்கினேன். இன்று காலை அது கறந்தது இரண்டேகால் லிட்டர். மாடு வாங்க நினைப்பவர்கள் படியுங்கள். எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் சொல்கிறேன்.

பினாங்கு பெருநிலத்தில் மூன்று மாடு வைத்துப் பிழைக்கிறேன். தைப்பூசம் வருகிறது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பவர்கள் இப்போதே பால் சொல்லி வைக்கிறார்கள். அதனால் கைப்பேசியில் பழைய சாமான் விற்கிற ஒரு தளத்தில் தேடினேன். ‘பிரிசியன் சாஹிவால் கலப்பு, இரண்டாம் ஈத்து, நாளுக்கு 14 லிட்டர்’ என்று போட்டிருந்தது. அதாவது இரண்டு மாட்டு இனங்களின் கலப்பு, இரண்டு தடவைதான் கன்று போட்டிருக்கிறது.

நேரில் போய்ப் பார்த்தேன். மெலிந்த கழுத்து, ஆழமான வயிறு, அகன்ற இடுப்பு. மேலிருந்து பார்த்தால் முன்னால் ஒடுங்கிப் பின்னால் விரிந்து, ஆப்பு மாதிரி உடம்பு. வயிற்றடியில் பால் நரம்பு நெளிந்து ஓடியது. மடி புடைத்து, காம்பிலிருந்து பால் சொட்டிக்கொண்டே இருந்தது. “இழுத்துப் பாருங்கண்ணே” என்றான் விற்கிறவன். இழுத்தேன். என் செருப்பில் பீய்ச்சியது. அந்த இடத்தில்தான் விழுந்தேன். பேரம்கூடப் பேசாமல் 8,500 வெள்ளியை எண்ணிக் கொடுத்தேன்.

காம்பு தானாகச் சொட்டுகிறதே, இவன் எத்தனை வேளையாகக் கறக்கவில்லை என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

வீட்டில் கறந்து முடித்தும் மடி சுருங்கவில்லை. அத்தனையும் சதை. பின் வலது மடி கல் மாதிரி, எப்போதோ மடிநோய் வந்தது. பக்கத்துக் கொட்டகைப் பெரியவர் வாயைப் பிளந்து பார்த்தார். எட்டுப் பல்லும் தேய்ந்திருந்தன. “இதா ரெண்டாம் ஈத்து? ஆறுக்குக் குறையாதுடா” என்றார். உடம்பு வாகு பொய் சொல்லவில்லை, ஒரு காலத்தில் நன்றாகக் கறந்த மாடாகவே இருக்கும். மடி கெட்டாலும் இடுப்பெலும்பு குறுகுமா என்ன?

விற்றவனுக்குப் போன் செய்தேன். முதல் நாள், “லாரியில வந்த அலுப்புண்ணே, ரெண்டு நாள் போகட்டும்.” மாடு இடம் மாறினால் பால் குறையத்தான் செய்யும், நம்பினேன். அப்புறம், “செம்பனைப் புண்ணாக்கைக் கூட்டிக் கொடுங்க.” நேற்று, “நீங்கதானே சுத்திச் சுத்திப் பார்த்து வாங்கினீங்க?” அதோடு என் நம்பரை அடைத்துவிட்டான். தளத்துக்காரர்களோ, நாங்கள் விளம்பரம் போட இடம் தருகிறோம், அவ்வளவுதான் என்கிறார்கள். 8,500 வெள்ளி! என் மனைவி கூட்டு (சீட்டு) கட்டி எடுத்த பணமும் அதில் இருக்கிறது.

சரி, சொல்கிறேன் என்றேனே. அடுத்தடுத்து மூன்று வேளை உங்கள் கண் முன்னால் கறக்கச் சொல்லுங்கள். கறந்த மடி காலிப் பை மாதிரித் துவள வேண்டும். பல்லைப் பாருங்கள். முழுப் பணத்தையும் அன்றே கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் எழுதுகிறேன், சாயங்காலக் கறவைக்கு நேரமாகிவிட்டது. பால்குடத்துக்கு முன்பணம் கொடுத்த அக்கா வேறு இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார், நான் இன்னும் போனை எடுக்கவில்லை.