இரண்டாம் கியரில் ஒரு பள்ளம்

கிளட்ச் பிளேட் மாற்றி வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று இரவே மைத்துனன் தொண்டியிலிருந்து அழைத்தான். என்னுடைய மாடல் டீசல் கார் ஒன்று, ஒரே கை ஓட்டியது, விலை நன்றாக இறங்கி வந்திருக்கிறதாம். "வாங்கலாமா மச்சான்?" என்றான். பட்டறை பில் மேசையில் கிடந்தது. 14,000 ரூபாய்ச் சொச்சம். வேறு எந்த இரவில் கேட்டிருந்தாலும் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

கம்பெனி பெயர் வேண்டாம். 1.3 லிட்டர், 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (சக்கரத்தைத் திருகும் பலம்) என்றால் தெரிந்தவர்களுக்குப் போதும். ஒன்பது ஆண்டுகள், 1,18,000 கிலோமீட்டர், பெரும்பாலும் தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரம் போய்வந்த கணக்கு. உப்புக் காற்று கதவடியைத் தின்றதைத் தவிர உடம்பில் குறை இல்லை. மைலேஜ், ஏசி பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

என் வழக்கு இரண்டாம் கியரோடு. வேகத்தடையில் ஏறி இறங்குகிறேன், வேகம் 20, இன்ஜின் நிமிடத்துக்கு 1,200 சுற்று. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பதில் இல்லை. முழுதாக மிதித்தாலும் இல்லை. பின்னால் வரும் ஆட்டோ ஒலி எழுப்பிவிட்டு முந்திப் போகும். 1,900 சுற்றைத் தொட்டதும் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல் வண்டி பாயும். அப்போது அந்த ஆட்டோ மூக்குக்கு நேரே நிற்கும்.

காரணம் டர்போ. புகை போகும் வேகத்தில்தான் அதன் சக்கரம் சுழலும். அது சுழன்றால்தான் இன்ஜினுக்குள் காற்று திணிக்கப்படும், காற்று நிறைந்தால்தான் டீசல் நிறைய எரிந்து புகை வரும். படகு வாங்க மீன் விற்ற காசு வேண்டும், மீன் பிடிக்கப் படகு வேண்டும் என்கிற கதை. விளம்பரத் தாளில் போட்ட 190 வலுவில்லாத இந்தப் பள்ளத்துக்கு அக்கரையில்தான் குடியிருக்கிறது.

இதன் கொடுமை முழுதும் தெரிவது பாம்பன் பாலத்தில். கீழே படகுகள் போக வேண்டும் என்பதால் 1988-இல் திறந்த அந்தச் சாலைப் பாலம் நடுவில் உயர்ந்து செல்லும். 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறந்த பிறகு ஏற்றத்திலேயே வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்கள் அதிகம். சுற்றுலாப் பேருந்துக்குப் பின்னால் 15 வேகத்தில் ஊர்வேன். இரண்டாம் கியரில் 900 சுற்றுதான் இருக்கும், இன்ஜின் திணறும். முதல் கியரோ ஓடும் வண்டியில் எளிதில் விழாது. ஆகவே கிளட்சைப் பாதி மிதித்து, சுற்றை 2,000-க்கு ஏற்றி, வழுக்கி வழுக்கி மேலே போவேன். ஒன்பது ஆண்டுகள் இப்படித்தான் போனேன்.

மெக்கானிக் பிளேட்டைக் கழற்றிக் காட்டினார். உராய்வுப் பட்டை ரிவெட் வரை தேய்ந்திருந்தது. பிரஷர் பிளேட்டில் தண்ணீரில் எண்ணெய் படர்ந்ததுபோல் நீலத் திட்டுகள். அவர் வாய் திறக்கவில்லை. என் இடது காலை மட்டும் ஒருமுறை பார்த்தார்.

மைத்துனனின் வாதம் வேறு. "பெட்ரோல் மாடலில் முறுக்குவிசை 113தான், இதில் 190 இருக்கிறதே, ஏறக்குறைய இரட்டிப்பு அல்லவா?" பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் என் வண்டி மூன்றாம் கியரில் 2,050 சுற்றில் இருக்கும். கியரும் கடைசிப் பல்சக்கரமும் சேர்ந்து முறுக்குவிசையை நாலரை மடங்காக்கும். சக்கரத்துக்குப் போவது சுமார் 855 நியூட்டன் மீட்டர். அதே வேகத்தில் பெட்ரோல் வண்டியை இரண்டாம் கியரில் வைத்தால் சுமார் 3,700 சுற்று, பெருக்கம் எட்டு மடங்குக்கும் மேல், சக்கரத்துக்குப் போவது 900-ஐத் தாண்டும். எடையும் அதற்குக் குறைவு. தாளில் தோற்றது சாலையில் ஜெயிக்கிறது. பெருக்கத்துக்கு முந்தைய எண்ணைக் காட்டி வண்டி விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம்.

குதிரைத்திறன் மட்டும் யோக்கியமா? 75 கிலோ மூட்டையை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் தூக்கினால் அது ஒரு குதிரைத்திறன். முறுக்குவிசையைச் சுற்றால் பெருக்கினால் கிடைப்பது இதுதான். 2,000 சுற்றில் என் 190 தருவது வெறும் 54. முழு 75 வருவது 4,000 சுற்றில், ஆனால் அங்கே முறுக்குவிசை 132-ஆக இறங்கியிருக்கும். ஒரே நேரத்தில் இரண்டையும் நான் ஓட்டியதே இல்லை.

ஆனால் பொய் சொல்லக்கூடாது. தேவிபட்டினம் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நான்காம் கியர், வேகம் 70, முன்னால் ஐஸ் தண்ணீர் சொட்டும் மீன் லாரி. எதிரே சாலை காலி. கியரைத் தொடவே வேண்டாம், கால் பெருவிரலால் அழுத்தினால் போதும். முகப்புக் கண்ணாடியில் தெறிக்கும் மீன் தண்ணீரைத் துடைப்பதற்குள் லாரி பின்னால் போயிருக்கும். அந்த ஏழெட்டு வினாடிக்காகவே இந்தக் காரை ஒன்பது ஆண்டுகள் மன்னித்தேன். ஆடியில் கச்சான் காற்று எதிரே வீசும்போது மட்டும் ஐந்தாம் கியர் 80-ல் தாங்காது. 1,900 சுற்றின் விளிம்பிலிருந்து கால் இடறிப் பள்ளத்துக்குள் விழும்.

மைத்துனனிடம் வாங்காதே என்றேன். அவன் ஓட்டம் தொண்டிக் கடைத்தெரு, பிள்ளைகளின் பள்ளி, மீண்டும் கடைத்தெரு. அந்த வழியில் நான்காம் கியர் எதற்கு? பெட்ரோல் பார் என்று சொல்லி அழைப்பை முடித்தேன். குரலில் சூடு கொஞ்சம் கூடித்தான் இருந்தது.

மறுநாள் காலை பாலத்தில் மறுபடி ஒரு பேருந்து நின்றது. மெக்கானிக்கின் பார்வை நினைவுக்கு வரவே, வண்டியை ஏறக்குறைய நிறுத்தி முதல் கியரைப் போட்டேன். 15 வேகத்தில் முள் 1,650-ஐக் காட்டியது. பள்ளத்தின் கரை. கிளட்சிலிருந்து காலை முழுதாக எடுத்துவிட்டேன். வண்டி முனகாமல் உச்சிவரை ஏறியது.

இதை மைத்துனனிடம் இன்னும் சொல்லவில்லை.