இரவலுக்கும் காசு உண்டு: பிரிட்டனின் பி.எல்.ஆர். சேவை எப்படி?

ராயல்டியைவிட ஒழுங்காக எனக்கு வருவது பி.எல்.ஆர். பணம்தான். தொகை பெரிதில்லை, குடும்பத்தோடு ஒரு வேளை வெளியே சாப்பிடலாம். ஆனால் யாருக்கும் போன் போட்டு நினைவுபடுத்த வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை தானாகவே வங்கிக் கணக்கில் விழுந்துவிடும்.

பப்ளிக் லெண்டிங் ரைட் என்பது முழுப்பெயர். பொது நூலகத்தில் உங்கள் புத்தகத்தை ஒருவர் இரவல் எடுத்தால் உங்களுக்கு அரசு காசு கொடுக்கும், வாசகருக்குச் செலவில்லை. சட்டம் 1979-இல் வந்தது, பணம் 1984-இல் வர ஆரம்பித்தது. இப்போது நடத்துவது பிரிட்டிஷ் நூலகம். நான் லண்டனில் இருந்துகொண்டு தமிழ்க் கதைகளை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பவன். மொழிபெயர்ப்பாளருக்கு 30 சதவீதப் பங்கு உண்டு.

வீட்டிலிருந்தபடியே லிபி, பாரோபாக்ஸ் செயலிகளில் இரவல் எடுக்கும் மின்நூல்களும் ஒலிநூல்களும் 2018 ஜூலையில்தான் கணக்கில் சேர்ந்தன. 2014-இலிருந்தே மின்நூலுக்குப் பணம் உண்டு என்றார்கள், ஆனால் நூலகக் கட்டடத்துக்குள் வந்து இறக்கினால்தான்! மின்நூல் படிக்க பஸ் ஏறி யார் போவார்கள்?

பதிவு செய்வது எளிது. முகவரி, வங்கி விவரம், அப்புறம் புத்தகத்தின் ஐ.எஸ்.பி.என். என்கிற அடையாள எண். சிக்கல் இந்தக் கடைசிச் சமாச்சாரத்தில்தான். பேப்பர்பேக்குக்கு ஒன்று, மின்நூலுக்கு இன்னொன்று என்று ஒவ்வொரு பதிப்பையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். என் பதிப்பகத்தாரிடம் மின்நூல் எண்ணைக் கேட்டால் பேப்பர்பேக் எண்ணையே திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். மின்நூலுக்குத் தனி எண் இருப்பதே அங்கே யாருக்கும் நினைவில்லை. கிண்டிலில் மட்டும் சொந்தமாக வெளியிட்டு, அமேசான் தரும் எண்ணோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு இங்கே வழியே இல்லை. இங்கே இருக்கும் நம்மவர்கள் பலர் அப்படித்தான் வெளியிடுகிறார்கள்.

பணக் கணக்கு கொஞ்சம் விசித்திரமானது. அரசு ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை ஒதுக்கும், மொத்த இரவல்களுக்கும் அதைப் பங்கு போடுவார்கள். ஒரு இரவலுக்குப் பத்துப் பன்னிரண்டு பென்ஸ் தேறும். கொரோனாவில் நூலகங்கள் மூடிக் கிடந்து இரவல் குறைந்தபோது, ஒரு இரவலுக்கான தொகை ஏறிப்போனது! அதாவது மின்நூல் இரவல் கூடக்கூட, ஒதுக்கீடு கூடாவிட்டால், எல்லார் பங்கும் சிறுக்கும். ஒருவருக்கு ஆண்டுக்கு 6,600 பவுண்டுக்கு மேல் கிடையாது என்று உச்சவரம்பு வைத்திருப்பது எனக்குப் பிடித்த விஷயம். இல்லையென்றால் விற்பனையில் கொடிகட்டிப் பறக்கும் நாலைந்து பேரே மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போவார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. நான் மொழிபெயர்த்த கதைகளை எழுதியவர் மதுரையில் இருக்கிறார். மின்நூல் இங்கே நூலகத்தில் ஏறிவிட்டது என்றதும், "எனக்கு எவ்வளவு தம்பி வரும்?" என்று கேட்டார்.

"உங்களுக்கு வராதுண்ணே."

"கதை என்னுதுதானேய்யா?"

அவருடையதுதான். ஆனால் பிரிட்டனிலோ ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளிலோ குடியிருந்தால்தான் பி.எல்.ஆர். எனக்கு 30 சதவீதம் வருகிறது, மூலக்கதை எழுதியவருக்கு ஒரு பென்னி வராது. இதை அவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் எனக்கு வாய் வறண்டுவிட்டது.

2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது நடந்த சைபர் தாக்குதலில் பி.எல்.ஆர். சேவையும் முடங்கியது. இந்த மாதிரி ஒரு சேவை மொத்தமும் ஒரே நிறுவனத்தின் கணினிகளை நம்பி இருப்பதை அன்று எல்லாரும் புரிந்துகொண்டோம்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது மதுரைக்காரருக்காக. பிரிட்டனில் இருந்து எழுதுபவர்கள், ஐ.எஸ்.பி.என். உள்ள ஒரு புத்தகம் இருந்தாலும் பதிந்து வையுங்கள். சொந்தமாக வெளியிட்டதும் செல்லும். கணக்கு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். ஜூன் 30-க்குள் பதியாவிட்டால் அந்த ஆண்டு இரவலுக்கான பணம் போனது போனதுதான், பின்தேதியிட்டுத் தரமாட்டார்கள்.