மூவடுக்கு வாணலி: அடி நன்று, கைப்பிடி சுமார்

பினாங்கின் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கிய இந்த வாணலியின் உள்ளும் புறமும் எவர்சில்வர், நடுவில் அலுமினியம். எவர்சில்வர் துருப்பிடிக்காது, புளிக்கும் அசையாது, ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் மிகவும் மந்தமானது. அதன் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 15 வாட் மட்டுமே. அலுமினியத்துக்கு ஏறத்தாழ 237, செம்புக்கு 400. ஆகவே, தனி எவர்சில்வர் சட்டியில் தீ படும் இடத்தில் மட்டும் வெங்காயம் கருகிவிட, இதிலோ நடு அலுமினியம் வெப்பத்தைப் பக்கவாட்டில் பரப்பிவிடுவதால், நண்டு மசாலாவைச் சிறுதீயில் நெடுநேரம் வதக்கினாலும் அடிப்பிடிப்பதில்லை. வெளி அடுக்கில் காந்தம் ஒட்டுவதால் இண்டக்‌ஷன் அடுப்புக்கும் இது ஏற்றது. அலுமினியம் விளிம்பு வரை செல்கிறதா, அடியில் மட்டும் பொருத்தப்பட்டுள்ளதா என்பதைக் கடைக்காரரிடம் கேட்டே வாங்க வேண்டும்; விலை வேறுபாடே அதில்தான் இருக்கிறது.

குறை, கைப்பிடி. அதுவும் எவர்சில்வர் என்பதால் சூடேறத் தாமதமாகிறதே தவிர, மிளகாய்ச் சம்பல் வற்றும் வரை அடுப்பில் இருந்தால் துணியின்றித் தொட முடியாது. அந்தத் துணியும் உலர்ந்திருக்க வேண்டும்: இழைகளுக்கிடையே சிக்கிய காற்றுதான் கையைக் காக்கிறது, நீரோ காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும்.

பேக்கலைட் என்னும் கடினப் பிளாஸ்டிக்கில் கைப்பிடி வைத்திருக்கலாம் என்பது என் கருத்து. உலோகத்தில் வெப்பத்தையும் மின்சாரத்தையும் ஒருசேரச் சுமக்கும் கட்டற்ற எலக்ட்ரான்கள் பேக்கலைட்டில் இல்லாததால்தான் பழைய மின் சுவிட்சுகளும் அதனாலேயே செய்யப்பட்டன. ஓவனில் வைத்துச் சமைப்பவர்களுக்கு மட்டும், அந்தச் சூட்டை உலோகம் தாங்கும் என்பதால், இப்போதுள்ள கைப்பிடியே பொருந்தும்.