இன்சுலின் போடுற அம்மா அப்பாவை வெளிநாடு அனுப்பப் போறீங்களோ, ஏஜென்ட் சொல்லுறதை நம்பிக் காசைக் குடுத்திடாதேங்கோ

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கமிருந்து வயது போன ஆக்களை வெளிநாட்டில இருக்கிற பிள்ளையளிட்ட அனுப்ப ஆயத்தப்படுத்துற குடும்பங்களுக்காகத்தான் இதை எழுதுறன். ஏ9 றோட்டில பெரிய போர்ட் போட்டிருக்கிற ஒரு ட்ராவல் ஏஜென்சி, எங்கட அம்மாவின்ர சீனி வருத்தத்தைக் காட்டியே ரிக்கெற் காசுக்கு மேலால 68,500 ரூபா எங்களிட்டக் கறந்தது. காசு போனாப் போகுது, ஆனா அவையின்ர ஆள் செய்த வேலையால அம்மா ஊசி இல்லாமல் கனடா போய் இறங்கினவா, அதைத்தான் என்னால பொறுக்கேலாமக் கிடக்கு.

அக்கா ரொறன்ரோவில இருக்கிறா. அம்மாவுக்கு விசிட்டர் விசா கிடைச்சுது, ரிக்கெற் போடத்தான் அங்க போனனாங்கள். ரிக்கெற் விலையில குறை சொல்ல ஒண்டுமில்லை, மற்ற இடங்களில கேட்ட விலைதான். பாஸ்போர்ட்டைப் பாத்துக்கொண்டிருந்தவர் "அம்மாவுக்கு ஏதும் வருத்தம் இருக்கோ அண்ணை" எண்டு கேட்டார், காலமையும் பின்னேரமும் இன்சுலின் போடுறவா எண்டு சொன்னதுதான், கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு கதைக்கத் தொடங்கிட்டார். இன்சுலின் போடுற ஆக்களை மெடிக்கல் கிளியரன்ஸ் இல்லாமல் பிளைட்டில ஏத்தமாட்டாங்களாம், கட்டுநாயக்காவில இருந்து திருப்பி அனுப்பின ஆக்கள் கனபேராம், "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, நான் எடுத்துத் தாறன்" எண்டார். அதுக்கு 35,000. முழங்கால் வருத்தத்துக்கு வீல் செயர் கேட்டம், அதுக்கு 15,000. பிறகு உள்ளுக்கயிருந்து ஒரு நீலப் பெட்டியைக் கொண்டுவந்து வைச்சு, எயார்லைன் ஏற்றுக்கொண்ட கூல் பொக்ஸ் இதுதான், வேற எதிலயும் இன்சுலின் கொண்டுபோகேலாது எண்டு சொல்லி அதுக்கு 18,500.

அந்தக் கிளியரன்ஸை இப்பவும் நான் போனில படமா வைச்சிருக்கிறன். ஒரு ஏ4 தாள், மேல ஏஜென்சியின்ர சொந்தப் பேர், நடுவில அம்மாவின்ர பேர் எழுத்துப் பிழையோட, கீழ ஏஜென்சியின்ர ரப்பர் சீல். எயார்லைன்காரரின்ர கையெழுத்தோ டொக்டரின்ர கையெழுத்தோ ஒண்டும் இல்லை. ஆஸ்பத்திரிக் கிளினிக்கில டொக்டர் ஒரு சதம் வாங்காமல் இங்கிலீசில வடிவா ஒரு கடிதம் எழுதித் தந்தவர், என்ன வருத்தம், என்ன மருந்து, எத்தினை யூனிட், ஊசியும் சிரிஞ்சும் சுகர் பாக்கிற மெஷினும் கையில இருக்கவேணும் எண்டு எல்லாம் போட்டு. அதைக் காட்டினா ஏஜென்ட் "உது அங்க செல்லாது" எண்டு மடிச்சுத் திருப்பித் தந்தார். உண்மையில செல்லுற கடிதம் அதுதான்.

போற அண்டைக்கு வானும் அவையின்ரதுதான், பரந்தனில ஆக்களை ஏத்திக்கொண்டு வந்து எங்கட வீட்டடியில நிண்டது, மாங்குளத்தில இன்னும் ஆக்கள் ஏறவேணும், உங்களுக்கு இடமில்லை, எங்கட பெடியன் உள்ளுக்க மட்டும் கொண்டுபோய் விடுவான் எண்டினம். அம்மாவின்ர கைப்பைக்குள்ள இன்சுலின், சிரிஞ்ச், மெஷின், ஸ்ட்ரிப், டொக்டரின்ர கடிதம், மேரி பிஸ்கட், குளுக்கோஸ் பக்கெற் எல்லாம் நான்தான் அடுக்கி விட்டனான். எயார்போட் வாசலில அந்தப் பெடியன் "அம்மா ஊசி கையில கொண்டுபோனா செக்யூரிட்டியில பறிச்சுக் குப்பையில போட்டிடுவாங்கள்" எண்டு வெருட்டி, மருந்துச் சாமான் எல்லாத்தையும் எடுத்து, ஐஸ் பாக்கோட அந்த நீலப் பெட்டிக்குள்ள இறுக்கிப் போட்டு, சூட்கேசுக்குள்ள வைச்சுப் பூட்டி அனுப்பிவிட்டிட்டான். கடிதமும் அதோட போட்டுது. அம்மா பாவம், பெடியன் படிச்சவன், அவனுக்குத் தெரியும்தானே எண்டு நினைச்சிருக்கிறா.

இந்த மனிசி இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்தில, கரண்ட் இல்லாத வன்னியில, இன்சுலின் போத்தலை மண் சட்டிக்குள்ள ஈர மணல் போட்டு அதுக்குள்ள வைச்சுக் காப்பாத்தினவா. மணல் காயக் காயத் தண்ணி தெளிப்பா. அப்பிடிப்பட்டவாவின்ர கையிலயிருந்து மருந்தைப் பறிச்சதை நினைக்க இப்பவும் வயிறு எரியுது.

இடையில பிளைட் மாறினதில சூட்கேஸ் வந்து சேரேல்லை. பின்னேர ஊசியும் இல்லை, அடுத்த நாள் காலமை ஊசியும் இல்லை. அக்கா வீட்டை கூட்டிக்கொண்டுபோய் தன்ர மனிசனின்ர மெஷினில பாத்தா எங்கட கணக்குக்கு சுகர் நானூறைத் தாண்டி நிக்குது, அம்மா தண்ணி விடாய், தண்ணி விடாய் எண்டு குடிச்சுக்கொண்டே இருந்தவாவாம். நல்லகாலம், கனடாவில இன்சுலினுக்கு டொக்டரின்ர துண்டு தேவையில்லை, பாமசிக்காரரிட்ட நேரா கேட்டு வாங்கலாம். இங்க அம்மா போடுற மிக்ஸ்டாட் 30/70 மாதிரி அங்க ஹியூமுலின் 30/70 இருக்கு. டொக்டரின்ர கடிதத்தை நான் முதலே படம் எடுத்து வைச்சிருந்ததால வாட்ஸப்பில அனுப்ப, அதைப் பாத்துப் பாமசிக்காரி எடுத்துக் குடுத்தவா. காசு எங்கட கையாலதான்.

சூட்கேஸ் பிந்தித்தான் வந்தது. அக்கா வீடியோவில போத்தலை லைட்டுக்கு நேர பிடிச்சுக் காட்டினா. மிக்ஸ்டாட்டைக் கையுக்க வைச்சு மெல்ல உருட்டினா பால் மாதிரி ஒரே சீரா வரவேணும். இது எவ்வளவு உருட்டியும் வெள்ளை வெள்ளையாத் துகள் மிதக்குது, கண்ணாடியில பொருக்கு மாதிரி ஒட்டிக்கிடக்கு. உறைஞ்சு போட்டுது. ஐஸ் பாக் முட்டினதாலயோ, அங்கத்தைய பனிக்குளிருக்க சூட்கேஸ் கிடந்ததாலயோ, எதெண்டாலும் ஒருக்கா உறைஞ்ச இன்சுலின் திரும்ப இளகினாலும் வேலை செய்யும் எண்டு நம்பேலாது, எறியத்தான் வேணும். கொண்டுபோன போத்தல் முழுக்கக் குப்பைக்குப் போட்டுது.

பிறகு நான் எயார்லைன்காரரின்ர கொழும்பு ஒபிசுக்கு அடிச்சுக் கேட்டன். வீல் செயருக்கு ஒரு சதமும் இல்லையாம், ரிக்கெற் போடேக்க சொன்னாக் காணும். சுகர் கட்டுப்பாட்டில இருக்கிற ஆளுக்கு கிளியரன்ஸ் ஒண்டும் தேவையில்லையாம். புதுசா ஒப்பரேசன் செய்த ஆக்கள், ஒக்சிசன் தேவைப்படுற ஆக்கள், அப்பிடியானவைக்குத்தான் டொக்டர் நிரப்புற போம் ஒண்டு இருக்கு, அதுக்கும் அவை காசு எடுக்கிறேல்லையாம். சீனி வருத்தக்காரருக்கெண்டு தனிச் சாப்பாடும் முதலே சொல்லி வைச்சா சும்மா தருவினம். கூல் பொக்ஸுக்கு எயார்லைன் அனுமதி எண்டு ஒரு கதையே இல்லை.

அதால தயவு செய்து கேளுங்கோ, இன்சுலின் எப்பவும் கைப்பையிலதான் போகவேணும், யார் என்ன சொன்னாலும் சூட்கேசுக்க போடவிடாதேங்கோ, சிரிஞ்சும் ஊசியும் விரல் குத்துற லான்செற்றும் மருந்தோட சேர்த்து டொக்டரின்ர கடிதத்தோட கையில கொண்டுபோகலாம், கையில 100 மில்லிலீட்டருக்கு மேல திரவம் கூடாது எண்ட சட்டம் மருந்துக்கு இல்லை, அதோட ஒரு இன்சுலின் போத்தலே 10 மில்லிலீட்டர்தான். பையை ஸ்கான் பண்ணுற மெஷினுக்கால போனா இன்சுலின் பழுதாகாது. போத்தலையும் பெட்டியையும் பாமசி லேபிளோட வைச்சிருங்கோ, தேவையை விட ரெண்டு மடங்கு கொண்டுபோங்கோ. திறக்காத போத்தல் 2 தொடக்கம் 8 பாகைக்குள்ள பிரிஜ்ஜில இருக்கவேணும், ஆனா பயண நேரத்துக்கு ஐஸ் தேவைப்படாது, வானில போகேக்க வெயில் படாமல் துவாயில சுத்தி வைச்சாலே போதும். அப்பிடியும் ஐஸ் வைக்கிறதெண்டா போத்தலில முட்டவிடாதேங்கோ. ரொறன்ரோ எங்கட நேரத்துக்கு ஒன்பதரை மணித்தியாலம், பனிக்காலத்தில பத்தரை மணித்தியாலம் பின்னுக்கு, அந்தப் பக்கம் போகேக்க நாள் நீளும், அதால எப்ப எத்தினை யூனிட் போடுறதெண்டு போறதுக்கு முதலே கிளினிக்கில கேட்டு எழுதி வாங்குங்கோ. சாப்பாட்டுத் தட்டு முன்னுக்கு வந்தாப் பிறகு ஊசியைப் போடச் சொல்லுங்கோ, பிளைட்டில சாப்பாடு பிந்தினா சுகர் இறங்கிடும்.

திருச்சி, சென்னைப் பக்கம் போற எங்கட ஆக்கள் இன்னொண்டையும் கவனியுங்கோ. இந்தியாவில விக்கிற இன்சுலின் போத்தல் கன இடத்தில யூ-40, அதாவது ஒரு மில்லிலீட்டரில 40 யூனிட், எங்கட ஆஸ்பத்திரியில தாறது யூ-100, ஒரு மில்லிலீட்டரில 100 யூனிட். அங்கத்தைய போத்தலுக்கு அங்கத்தைய யூ-40 சிரிஞ்ச்தான் பாவிக்கவேணும், மாறிப் போட்டா அளவு ரெண்டரை மடங்கு கூடும் இல்லாட்டிக் குறையும், உயிருக்கே ஆபத்து.

இன்சுலின் பம்ப், சுகர் பாக்கிற சென்சர் பூட்டின பிள்ளையளைக் கொண்டுபோறவை அந்தக் கொம்பனி தந்த கொப்பியை வாசிச்சிட்டுப் போங்கோ, கன பம்புகளை எக்ஸ்ரே மெஷினுக்க விடக்கூடாது, கையால சோதிக்கச் சொல்லிக் கேக்கலாம். மேலதிக லித்தியம் பற்றரியும் கைப்பையிலதான்.

ஏஜென்சிக்குப் போய்க் கேட்டன். முதல் சிரிச்சினம், பிறகு பெடியன் புதுசு எண்டினம். அவை தந்த ரிசீற்றில எல்லாத்தையும் ஒண்டாக்கி "சேர்விஸ் சார்ஜ்" எண்டு மட்டும் எழுதியிருக்கு, அதால எதுக்கு எவ்வளவு எண்டு பிரிச்சு எழுதித் தரச் சொல்லி நீங்கள் முதலே கேளுங்கோ. நான் கச்சேரியில, அதுதான் மாவட்டச் செயலகத்தில, இருக்கிற நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை ஒபிசில எழுத்தில முறைப்பாடு குடுத்திட்டன், 1977 எண்ட நம்பருக்கு அடிச்சும் சொல்லலாம், ஆனா சாமானை வாங்கி இல்லாட்டி சேவையை எடுத்து மூண்டு மாதத்துக்குள்ள எழுத்தில குடுக்கவேணும். அதுக்குப் பிறகுதான் அவையிட்ட இருந்து போன் வந்தது, பாதிக் காசு தாறம், முறைப்பாட்டை எடுங்கோ எண்டு. எடுக்கமாட்டன். வீல் செயருக்கும் கிளியரன்ஸுக்கும் இப்பிடிக் காசு குடுத்த வேற குடும்பங்கள் இருந்தா ரிசீற்றைத் தேடி எடுத்து வைச்சுக்கொண்டு எனக்குச் சொல்லுங்கோ, கச்சேரிக்கு ஒண்டாப் போவம்.