வால்வுக்குக் காசு வாங்கி ரப்பர் வளையத்தை மாட்டினார்கள்: கோல்டு ஏர் இன்டேக் போடப் போகிறவர்களுக்கு

மழைக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டிய பதிவு இது. வண்டி கைக்கு வந்து, எனக்குக் கோபம் அடங்க இத்தனை நாள் ஆகிவிட்டது. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சென்னையில் இதே கதையைச் சொல்லி விற்கிற கடை அது ஒன்றுதான் என்றும் நான் நினைக்கவில்லை.

என்னுடையது 1200 சிசி பெட்ரோல் ஹேட்ச்பேக். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையோடு வரிசையாக நிறுத்திக் காப்பாற்றிய வண்டி. அவ்வளவு உஷாராக இருந்தவன்தான், அடுத்த மே மாதம் கோல்டு ஏர் இன்டேக் வீடியோக்களைப் பார்த்து மயங்கி, அந்தக் கடையில் போய் நின்றேன். இன்ஜின் சூடு படாத இடத்திலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்தால் வண்டி வேகமாகப் போகும் என்று சொல்லி, கம்பெனி பாக்ஸை எடுத்துவிட்டு மாட்டுகிற பைப்பும் ஃபில்டரும்தான் அது.

கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டேன். "ஃபில்டர் கீழ பம்பருக்குள்ள வருதே, மழைல தண்ணி இழுக்காதா?"

"அதுக்குத்தான் சார் பைபாஸ் வால்வு. ஃபில்டர் முங்கினாலும் வால்வு தொறந்து மேல இருந்து காத்து எடுத்துக்கும். ஃபில்டர் மேல ஒரு சாக்ஸும் போட்டுடறோம். ஃபுல் வாட்டர்ப்ரூஃப்."

கிட் 12,000, வால்வு 4,500, சாக்ஸ் 1,000. மொத்தம் 17,500 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். கம்பெனியின் ஏர் ஃபில்டர் பாக்ஸை டிக்கியில் வைக்கச் சொன்னேன். "அது எதுக்கு சார், வெறும் பிளாஸ்டிக்" என்று உள்ளே தூக்கிப் போட்டார் பையன். அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்.

வண்டி வேகமாகப் போயிற்றா என்றால், சத்தமாகப் போயிற்று. பிறகு தெரிந்துகொண்டது: இப்போது வருகிற பெரும்பாலான கார்களில் கம்பெனி பாக்ஸே கிரில்லுக்குப் பின்னாலிருந்து, அதாவது இன்ஜின் சூடு படாத இடத்திலிருந்துதான் காற்றை எடுக்கிறது. ஏற்கெனவே இருந்த குளிர்ந்த காற்றுக்கு நான் 17,500 கொடுத்தேன்.

2024 அக்டோபர் 15. துரைப்பாக்கத்திலிருந்து கீழ்க்கட்டளைக்கு ரேடியல் ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். நாராயணபுரம் ஏரிப் பக்கம் அரை டயருக்குத் தண்ணீர். எனக்கு முன்னால் இதே மாடல் கார் ஒன்று முதல் கியரில் ஊர்ந்து அக்கரை சேர்ந்தது. நானும் அதே தடத்தில் போனேன். எதிரே வந்த லாரி கிளப்பிய அலை பம்பரில் ஏறியது. 'டக்'கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், இன்ஜின் நின்றுவிட்டது.

தண்ணீரில் நின்ற வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கடைக்குப் போன் போட்டேன். "வால்வு இருக்குல்ல சார், உள்ள தண்ணி போயிருக்காது. ஒரு செல்ஃப் அடிச்சுப் பாருங்க." அடித்தேன். பாதிச் சுற்றில் மோட்டார் முக்கிக்கொண்டு நின்றது. இது என் தப்பும்தான், மறைக்கவில்லை.

மறுநாள் டோ வண்டியில் ஏற்றி, பத்து வருடமாக என் வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனேன். அவர் சாவியைத் தொடவே இல்லை. நான்கு ஸ்பார்க் ப்ளக்கையும் கழற்றி வைத்துவிட்டு, ஸ்பானரைப் போட்டு இன்ஜினைக் கையால் சுற்றினார். இரண்டாவது, மூன்றாவது ஓட்டையிலிருந்து ஊசி மருந்தைப் பீய்ச்சியது போல் பழுப்புத் தண்ணீர் எழுந்து பானெட்டில் அடித்தது. ஆயில் ஸ்டிக்கை இழுத்தால் பால் காபி நிறம்.

அப்புறம் பம்பரைக் கழற்றினார். ஃபாக் லேம்ப்புக்குப் பின்னால் தொங்கிய கோன் ஃபில்டரை என் கையில் கொடுத்தார். சாக்ஸ் முழுக்கச் சேறு, ஒரு துண்டு ஆகாயத்தாமரை இலை. டேப் வைத்து அளந்தோம். ஃபில்டரின் அடி விளிம்பு தரையிலிருந்து 11 அங்குலம். பழைய பாக்ஸின் மூக்கு இருந்த இடம் ஹெட்லைட்டின் மேல் விளிம்பு, 27 அங்குலம். முன்னால் போன கார் தப்பித்ததற்கும் நான் நின்றதற்கும் இடையில் இருந்தது இந்த 16 அங்குலம்தான்.

"வால்வு எங்க பாய்?" என்றேன். பைப் நெடுக விரலை ஓட்டிவிட்டு, நடுவில் இருந்த கறுப்பு வளையத்தைத் தட்டினார். "இது கப்ளிங் தம்பி. ரெண்டு பைப்பை சேக்கற ரப்பர். இதப்போயி வால்வுன்னானா?" ஐந்து மாதமாக பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் அதைப் பார்த்து நிம்மதி அடைந்திருக்கிறேன். நிஜ பைபாஸ் வால்வில் சுற்றிலும் காற்றுத் திறப்பு இருக்கும், அதன் மேல் ஸ்பாஞ்ச் போர்த்தியிருக்கும். உள்ளே காற்று போக வழியே இல்லாத ஒரு வளையம் எப்படி வால்வாகும் என்று ஒரு நாளாவது யோசித்திருக்கலாம். நிஜ வால்வையும், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிற டர்போ வண்டியில் போட முடியாது. டர்போவுக்குப் பின்னால் இருக்கும் அழுத்தத்தில் அது வேலை செய்யாது.

சாக்ஸ் மட்டும் பொய் இல்லை. தெறிக்கிற தண்ணீரை அது உதறிவிடும். முங்கினால் இன்ஜின் இழுக்கிற இழுப்பில் துணி வழியாகவே தண்ணீர் ஏறிவிடும். நிறைய ஏற வேண்டும் என்பதும் இல்லை. என் வண்டியில் ஒரு சிலிண்டர் சுமார் 300 மில்லி. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சுகிற இடம் 30 மில்லிதான். இருமல் மருந்து அளக்கும் 10 மில்லி மூடியால் மூன்று மூடி. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. வேறு வழியில்லாமல், பிஸ்டனை மேலே தள்ளுகிற கனெக்டிங் ராடு வளைந்துகொடுத்தது. இரண்டு ராடு, பேரிங், ஹெட் கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 84,000.

இன்சூரன்ஸ்? "பம்பர் டு பம்பர்" இருக்கிறது என்று தைரியமாக இருந்தேன். அது பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தருவதற்கு மட்டும். தண்ணீர் ஏறி இன்ஜின் போவதற்கு 'இன்ஜின் ப்ரொடெக்ட்' என்று தனி ஆட்-ஆன் உண்டு, என் பாலிசியில் அது இல்லை. இருந்திருந்தாலும் சிக்கல்தான். சர்வேயர் முதலில் போட்டோ எடுத்ததே அந்த கோன் ஃபில்டரை. "மாடிஃபிகேஷன் டிக்ளேர் பண்ணீங்களா?" என்றார். இல்லை. நனைந்த கார்ப்பெட்டுக்குக் காசு வந்தது, இன்ஜினுக்கு ஒரு பைசா வரவில்லை.

கடைக்காரர் முதல் நாள், "வால்வு போட்டுத்தான் அனுப்பினோம், உங்க மெக்கானிக் கழட்டியிருப்பான்" என்றார். துண்டுச் சீட்டைக் காட்டினேன். "இதுல எங்க கடைப் பேரே இல்லையே சார்." உண்மைதான், இல்லை. பணம் அனுப்பிய யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டும், வால்வைப் பற்றி அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாய்ஸ் நோட்டும் இருந்தன. அவற்றை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். ஐந்து லட்சம் வரைக்குமான வழக்குக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. அதையும் பார்த்துவிடுவதாகத்தான் இருக்கிறேன்.

போட்டே தீருவேன் என்பவர்கள், ஃபில்டர் எந்த உயரத்தில் உட்காருகிறது என்று மாட்டும்போதே டேப் வைத்து அளந்து பாருங்கள். வீல் ஆர்ச்சின் உள் பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு அப்படியே விடுவார்கள், திரும்ப மாட்டச் சொல்லுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பழைய பாக்ஸுக்கே மாறிவிடுகிற நண்பர்கள் இருக்கிறார்கள், ஒரு மணி நேர வேலைதான். அதற்குப் பழைய பாக்ஸ் உங்களிடம் இருக்க வேண்டும். என்னுடையது கடையில் "காணோம்". பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டையில் இரண்டு மணி நேரம் அலைந்து, 1,800 ரூபாய்க்கு ஒன்று தேடி எடுத்தேன். ஒரு கிளிப் உடைந்திருக்கிறது, கம்பி போட்டுக் கட்டியிருக்கிறேன்.

போன வாரம் கடைக்காரரே கூப்பிட்டார். கூகுளில் நான் போட்ட ஒற்றை நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டாராம். "சார், ரிவ்யூவ மட்டும் எடுத்துடுங்க. ஒரு வால்வு ஃப்ரீயா போட்டுத் தர்றேன்."