லாக்கா, வாக்கா, கேப்சரா: எஸ்என்எம்பி டைம்அவுட் வந்தால் முதலில் எதைத் திறப்பது?

டேஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச் சிவப்பாகிவிட்டது. பிங் அடித்தால் பதில் வருகிறது, எஸ்என்எம்பி (சாதனங்களின் நிலையைக் கேட்டறியும் நெறிமுறை) மட்டும் டைம்அவுட். இந்த இடத்தில் ஆளுக்கொரு பழக்கம். ஒருவர் மானிட்டரிங் கருவியின் லாகைத் திறப்பார். இன்னொருவர் டெர்மினலில், சாதனத்திடம் மதிப்புகளை வரிசையாகக் கேட்கும் எஸ்என்எம்பிவாக் கட்டளையை (சுருக்கமாக வாக்) ஓட்டுவார். மூன்றாமவர் எதையும் பார்க்காமல், கம்பியில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பைப் போட்டு, அதாவது கேப்சர் எடுத்து, உட்கார்ந்துவிடுவார். மூன்றுமே முறையான வழிகள்தான். ஆனால் ஒரு வழியில் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை, இன்னொரு வழியில் விடியும்வரை இழுக்கும்.

எதை எப்போது எடுப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு சின்னது. சாதனம் ஏதாவது பிழையைச் சொல்லிப் பதில் அனுப்பினால் வாக். ஒன்றுமே சொல்லாவிட்டால் கேப்சர். சில நேரம் பேசி, சில நேரம் பேசாமல் இருந்தால் லாக்.

டைம்அவுட் என்ற சொல்லைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அது பிழைச் செய்தியே அல்ல, பதில் வரவில்லை என்ற தகவல் மட்டும். எஸ்என்எம்பி பொதுவாக யுடிபி (போய்ச் சேர்ந்ததற்கு ரசீது தராத அனுப்பும் முறை) போர்ட் 161-இல் ஓடுவதால், கேள்வி போய்ச் சேர்ந்ததா என்றுகூட அனுப்பியவருக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, எஸ்என்எம்பியின் வி2சி பதிப்பில் கம்யூனிட்டி ஸ்ட்ரிங் (கடவுச்சொல் போன்றது) தவறாக இருந்தால் ஏஜென்ட் (சாதனத்தில் இருந்து பதில் சொல்லும் நிரல்) அதை மறுத்துப் பதில் எழுதாது, பாக்கெட்டைப் பேசாமல் தூக்கிப் போட்டுவிடும். கம்யூனிட்டியில் ஓர் எழுத்துப் பிழை, நடுவில் ஃபயர்வால் தடை, சாதனத்தில் ஏசிஎல் (யார் கேட்கலாம் என்ற அனுமதிப் பட்டியல்), ஏஜென்ட் ஓடவே இல்லை... நான்குக்கும் திரையில் தெரிவது அதே டைம்அவுட்.

லாக் எதற்கு உதவும்

கருவியின் லாக், காரணத்தைச் சொல்வதில் மூன்றிலும் பலவீனமானது. அது தன் பார்வையில் இருந்து மட்டும்தான் எழுதுகிறது. ஆனால் மற்ற இரண்டிடமும் இல்லாத ஒன்று அதனிடம் இருக்கிறது: நேற்று என்ன நடந்தது என்ற பதிவு. டைம்அவுட் தினமும் இரவு ஒரே நேரத்தில் வருகிறதா? அந்த ஒரு சாதனத்துக்கு மட்டுமா, அதே வழியில் இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்தா? இதற்கு வாக் பதில் தராது. நீங்கள் வாக் ஓட்டும் நேரத்தில் எல்லாம் நன்றாகவே இருக்கும்.

கருவிகளில் இருக்கும் 'சோதித்துப் பார்' பொத்தானை நம்பி முடிவெடுக்காதீர்கள். பல நேரம் அது ஒரே ஓஐடியை (ஒரு மதிப்பைக் குறிக்கும் எண் முகவரி) மட்டும் கேட்டுப் பச்சை காட்டிவிடும். உண்மையான போலிங் (கருவி இடைவெளிவிட்டுத் தொடர்ந்து கேட்பது) நூற்றுக்கணக்கில் கேட்கிறது.

வாக்: கையால் கேட்பது

வாக் ஓட்டுவதில் நடக்கும் பெரிய தவறு கட்டளையில் இல்லை, அதை ஓட்டும் இடத்தில் இருக்கிறது. போலிங் செய்யும் போலர் சர்வரிலிருந்து ஓட்டாமல் தன் லேப்டாப்பிலிருந்து ஓட்டி, "எனக்கு வருகிறதே" என்று சொல்லிவிடுவார்கள். ஏசிஎல் அனுமதிப்பது போலரின் ஐபியையா, உங்களுடையதையா? பதில் திரும்பும் வழி இரண்டுக்கும் ஒன்றுதானா? வாக் ஓட்டினால் போலரிலிருந்தே ஓட்டுங்கள், அதே வெர்ஷனில், அதே கம்யூனிட்டியோடு.

காத்திருக்கும் நேரத்தையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நெட்-எஸ்என்எம்பி கட்டளைகள் தாமாக 1 நொடி காத்திருந்து, பிறகு 5 முறை மறுபடி கேட்கும். மொத்தம் 6 நொடி, ஆறு வாய்ப்பு. உங்கள் கருவி 3 நொடி பார்த்துவிட்டுக் கைவிடுவதாக அமைந்திருந்தால், வாக்கில் வருவது கருவியில் வராமல் போவதில் மர்மம் எதுவும் இல்லை.

முதலில் ஒரே ஒரு மதிப்பைக் கேளுங்கள். 1.3.6.1.2.1.1.3.0, அதாவது சாதனத்தின் எஸ்என்எம்பி பகுதி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பது. அதற்குப் பதில் வந்தால் வழியும் கம்யூனிட்டியும் சரி. அதற்கப்புறம் வரும் பிழைகளை வாக் வாய்விட்டே சொல்லிவிடும். அந்த ஓஐடியில் அப்படி ஒரு பொருளே இல்லை என்று சொன்னால், ஒன்று அந்தச் சாதனம் அந்த மிப்பை (ஓஐடிகளின் தொகுப்பு) ஆதரிக்கவில்லை, இல்லையென்றால் உங்களுக்குக் கொடுத்த வியூ (எந்தக் கிளைகளைப் பார்க்கலாம் என்ற வரம்பு) அதை மறைக்கிறது. டெபியன், உபுண்டு சர்வர்களில் இரண்டாவதுதான் அதிகம். அங்கே நிறுவியவுடன் இருக்கும் அமைப்பில் ஏஜென்ட் 127.0.0.1-இல் மட்டும் கேட்கும், அதோடு சிஸ்டம் பகுதியையும் இன்னொரு சிறு கிளையையும் மட்டுமே காட்டும். கேட்கும் முகவரியை மட்டும் திருத்திவிட்டு வியூவை மறந்தவர்கள், "பெயர் வருகிறது, இன்டர்ஃபேஸ் வரவில்லை" என்று தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்கள்.

ஓஐடி ஏறுவரிசையில் இல்லை என்று வாக் பாதியில் நின்றால், குற்றம் சாதனத்தின் ஃபர்ம்வேரில். அந்தச் சோதனையைத் தவிர்க்கும்படி வாக்கிடம் சொல்ல ஒரு விருப்பம் உண்டு. ஆனால் ஏஜென்ட் ஒரே வட்டத்தில் சுற்ற ஆரம்பித்தால் வாக் முடியவே முடியாது, கவனம்.

கேப்சர்: கம்பியில் என்ன ஓடுகிறது

மௌனத்துக்கு மருந்து கேப்சர் மட்டும்தான். நான் ஒருமுறை பட்டது: ஒரு லேயர்-3 ஸ்விட்ச், அதாவது ரவுட்டிங்கும் செய்யும் ஸ்விட்ச். மேனேஜ்மென்ட் விலானில் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) லேப்டாப்பைச் செருகி வாக் ஓட்டினால் கொட்டுகிறது. போலரிலிருந்து ஒரு பதிலும் இல்லை. கம்யூனிட்டியை இரண்டு தடவை மாற்றினோம், ஏசிஎல்லைக் கழற்றிப் பார்த்தோம், டைம்அவுட்டை 10 நொடியாக்கினோம். போலரில் கேப்சர் போட்டால் கேள்வி மட்டும் போகிறது, பதில் இல்லை. அதனால் சாதனம்தான் பேசவில்லை என்று முடிவுகட்டப் பார்த்தோம். கடைசியில் ஸ்விட்ச் பக்கம் ஒரு போர்ட்டை மிரர் செய்து (அதில் ஓடுவதை நகலெடுத்து) பார்த்தபோதுதான் தெரிந்தது, அது ஒவ்வொரு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனால் நாங்கள் கேட்ட முகவரியிலிருந்து அல்ல. போலருக்குப் போகும் வழி வேறொரு விலான் வழியாக இருந்ததால், அந்த இன்டர்ஃபேஸின் முகவரியைப் போட்டுப் பதில் அனுப்பியது. நடுவிலிருந்த ஃபயர்வால், கேட்காத ஆளிடமிருந்து வந்த பதில் என்று அதை வீசிவிட்டது. கருவியில் ஸ்விட்சின் முகவரியை அந்த விலானின் முகவரியாக மாற்றினோம், பச்சையாகிவிட்டது. ஒரு முனையில் மட்டும் கேப்சர் எடுப்பது பாதிக் கேப்சர் என்று அன்றைக்குப் புத்தி வந்தது.

ஏஜென்ட் ஓடாத லினக்ஸ் சர்வர் என்றால், அந்த போர்ட்டில் யாரும் இல்லை என்று ஐசிஎம்பி (நெட்வொர்க்கின் பிழை அறிவிப்பு) செய்தி திரும்பி வரும். வாக் அதைக் கண்டுகொள்ளாமல் டைம்அவுட் என்றே சொல்லும். கேப்சரில் அது பளிச்சென்று தெரியும். வி2சி-யில் கம்யூனிட்டியும் அப்படியே படிக்கக் கிடைக்கும். ஒரு சின்ன விஷயம்: கம்யூனிட்டி 'பப்ளிக்' என்றிருந்தால் டிசிபிடம்ப் அதை அச்சிடாது, வேறாக இருந்தால்தான் காட்டும்.

கேப்சருக்கும் கண்கட்டு வித்தைகள் உண்டு. லினக்ஸ் போலரில், உள்ளே வரும் பாக்கெட்டை டிசிபிடம்ப் அந்த இயந்திரத்தின் ஃபயர்வாலுக்கு முன்பே பார்த்துவிடுகிறது. திரையில் பதில் தெரிந்தாலும் உள்ளே தடுக்கப்பட்டிருக்கலாம்.

இன்னொன்று ஃபிராக்மென்ட், அதாவது பெரிய பாக்கெட் துண்டாவது. ஒற்றை மதிப்பு வருகிறது, கெட்பல்க் (பல மதிப்புகளை ஒன்றாகக் கேட்கும் கேள்வி) வழியாகக் கேட்கும் பல்க்வாக் போட்டால் டைம்அவுட் என்றால், முதல் சந்தேகம் அதுதான். கெட்பல்க்கில் நிறைய வரிசைகளை ஒரேயடியாகக் கேட்டால் பதில் 1500 பைட்டைத் தாண்டித் துண்டாகிறது, நடுவில் ஏதோ ஒன்று துண்டுகளை விடுவதில்லை. இங்கே 161 என்று போர்ட்டை வைத்து வடிகட்டினால் ஏமாந்தீர்கள். போர்ட் எண் முதல் துண்டில் மட்டும்தான் இருக்கும், மீதித் துண்டுகள் வடிகட்டியில் சிக்காது. சாதனத்தின் ஐபியை வைத்து வடிகட்டுங்கள்.

வி3 வந்தால் கணக்கு மாறும்

குறியாக்கம் இருப்பதால் எஸ்என்எம்பியின் வி3 பதிப்பைத் துருவுவது கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு வி2சி-தான் கடினம். வி3 பல தவறுகளுக்கு வாயைத் திறந்து ரிப்போர்ட் என்ற பிழைச் செய்தி அனுப்புகிறது, அது பெரும்பாலும் குறியாக்கம் இல்லாமலே வரும். 1.3.6.1.6.3.15.1.1 என்ற கிளையின் கீழ் 3 வந்தால் பயனர் பெயர் தெரியவில்லை. 5 வந்தால் அடையாளச் சரிபார்ப்புக் கடவுச்சொல்லோ ஹேஷ் வகையோ பொருந்தவில்லை. 2 வந்தால் நேர வரம்புக்கு வெளியே. 4-ஐப் பார்த்துப் பதறாதீர்கள். உரையாடலின் தொடக்கத்தில் என்ஜின் ஐடியை (ஒவ்வோர் ஏஜென்டுக்கும் உரிய தனி அடையாளம்) கண்டறிவதற்காக அது வருவது வழக்கம்தான்.

அந்த நேர வரம்பு 150 நொடி. சாதனத்தின் கடிகாரம் தவறினால் இது வரும் என்று, கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபியைத் தேடி ஓடுவார்கள். இதற்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் தொடர்பில்லை. என்ஜின் எத்தனை முறை தொடங்கியது, தொடங்கி எத்தனை நொடி ஆயிற்று என்பதுதான் கணக்கு. ஒரே இமேஜிலிருந்து குளோன் செய்த இரண்டு இயந்திரங்கள் ஒரே என்ஜின் ஐடியோடு இருந்தால், போலர் இருவரையும் ஒருவராக நினைத்துக் குழம்பும். இரண்டும் மாறிமாறிச் சிவப்பாகும். இதை லாக்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

குறியாக்கக் கடவுச்சொல் தவறு என்றால் மட்டும் பல ஏஜென்ட்கள் பழையபடி மௌனம்தான். குறியாக்க முறை ஏஇஎஸ் 256 என்றால் இன்னொரு பொறியும் இருக்கிறது. தரமாக வரையறுக்கப்பட்டது ஏஇஎஸ் 128 மட்டும், ஆர்எஃப்சி 3826-இல். 256-க்குச் சாவியை நீட்டும் முறை இரண்டு விதமாகப் புழங்குகிறது. இரண்டு பக்கமும் 256 என்று எழுதியிருந்தும் பேச முடியாமல் போவது அதனால்தான்.

பிழையே இல்லாத பிழை

போலிங் ஒழுங்காக நடந்து, கிராஃப் மட்டும் பொய் சொல்வதும் உண்டு. இன்டர்ஃபேஸில் ஓடும் பைட்டுகளை எண்ணும் 32-பிட் கவுன்டர் 1 ஜிபிபிஎஸ் வேகத்தில் சுமார் 34 நொடியில் நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பிவிடும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் நடுவில் எத்தனை சுற்று சுற்றியது என்று யாருக்கும் தெரியாது. 64-பிட் கவுன்டருக்கு மாறுங்கள். வி1-இல் அந்த வகை கிடையாது. இங்கே கேப்சர் வீண் வேலை.

டைம்அவுட்டைக் கூட்டுவதா, கேள்வியைக் குறைப்பதா?

கடைசியில் எல்லோர் கையும் டைம்அவுட் எண்ணுக்குத்தான் போகும். 3 நொடியை 10 ஆக்கி, மூன்று முறை மறுபடி கேட்கச் சொன்னால், செத்துப்போன ஒரு சாதனத்துக்காக ஒரு போலர் 40 நொடி காத்திருக்கும். ஒரு லிங்க் விழுந்து ஐம்பது சாதனங்கள் ஒன்றாகப் போனால், ஒவ்வொன்றுக்காகவும் நின்று காத்திருக்கும் வகைப் போலர்கள் எல்லாம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். நலமாக இருக்கும் சாதனங்களின் கிராஃபிலும் ஓட்டை விழும். அதனால் முதலில் கெட்பல்க்கில் ஒரு தடவைக்குக் கேட்கும் வரிசை எண்ணிக்கையைக் குறைத்துப் பார்ப்பேன், தேவையில்லாத இன்டர்ஃபேஸ்களை நீக்குவேன். கேப்சரில் பதில் உண்மையாகவே 4 நொடி கழித்து வந்து நிற்பதைக் கண்ணால் பார்த்தால் மட்டும், அந்த ஒரு சாதனத்துக்கு 5 என்று வைப்பேன்.